நாலாவது ஜோடி

கோவிந்தாபுரம் செக்போஸ்ட் தாண்டி
மாந்தோப்புகளுக்கு நடுவே ஓரிடத்தில்
போன் சிணுங்கி, மலையாளத்தில் வரவேற்கும்.
அங்கே இடது பக்கம் திரும்பணும்.

செவ்வாய்க்கிழமை தோறும் போனேன்,
ஐஸ் பெட்டி, ஊசி, ஊதா மூடிக் குழாய் மூன்று.
மன்னாடியார் வீட்டில் ரத்தம் குறைகிறது.
போகும் வழி தெரியவில்லை.
கோயம்புத்தூரில் குடலுக்குள் கேமரா விட்டுத் தேடினார்கள்.
பூச்சி இல்லை. புண் இல்லை.
ராவுண்ணி மன்னாடியாருக்கு ஒன்பது புள்ளி இரண்டு,
தங்கை சுபத்ராவுக்கு எட்டு,
சமையலுக்கு நிற்கிற வேலாத்தாளுக்கு
(அவள் சொந்தமுமில்லை, சாதியுமில்லை)
ஏழரை.

கூரை ஓட்டில் பாதி கணவாய்க் காற்றோடு போயிருந்தது.
உத்திரத்தைத் தொட்டால் மாவாகக் கொட்டும்.
மாடிப் படி ஏழாவதோடு நின்றுவிட,
அதற்கு மேல் வௌவால்களின் ராஜ்ஜியம்.

ஆனால் தரை.
சிவப்பு ஆக்ஸைடு தரை,
நேற்றுத்தான் போட்டு ஆற வைத்ததுபோல்.
குனிந்தால் என் முகம் தெரிந்தது,
இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் ஆழத்தில்.

“யாரு இப்படித் துடைக்கிறது?”
வேலாத்தாள் சிரித்தாள். ஈறெல்லாம் வெள்ளை.
“துடைச்சு நாலு வருசமாச்சு அம்மிணி.”

வாசலில் மூன்று ஜோடி செருப்பு, புழுதி மூடி.
“செருப்பு புறத்து வைக்கூ, குட்டி.”
முதல் நாளே சொன்னார் மன்னாடியார், அத்தனை பணிவாக.
நான் யார் வீட்டுக்குள் செருப்போடு போயிருக்கிறேன்?
கழற்றி, வரிசையில் வைத்தேன்.

ஆடியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றி வந்தார்கள் மூவரும்.
அடுத்த செவ்வாய் பார்த்தால் அதே ஆறு, அதே ஐந்தரை.
“நடு வழியில நீயே குடிச்சிடறயா புள்ள?”
லேப் ஓனர் நாச்சிமுத்து கேட்டுவிட்டு
தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.
நான் சொல்லவில்லை,
தரையின் சிவப்பு சுவரில் ஒரு சாண் ஏறியிருந்ததை.

பிறகொரு நாள் சுபத்ராவின் கையிலிருந்து
ஊசியை உருவும்போது ஒரு சொட்டு விழுந்தது.
பஞ்செடுத்துக் குனிந்தேன்.
சொட்டைக் காணோம்.
விழுந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது,
பால் குடித்து முடித்த கன்றின் வாய்போல.

சுபத்ரா என்னையே பார்த்தாள்.
பாதத்தைத் திருப்பிக் காட்டினாள்.
தேங்காய்ப் பருப்பின் வெளுப்பு,
அதில் சல்லடைக் கண்கள்போல் புள்ளி புள்ளியாய்.

“செருப்புப் போட்டு நடங்களேன்” என்றேன்.
குரல் எனக்கே கேட்கவில்லை.

“போட்டு நோக்கினேன், ஒரு நாள்.
அன்னிக்கு ராத்திரி உத்திரம் விழுந்தது,
ஏட்டன் தலைமாட்டில், ஒரு முழம் தள்ளி.”
பாதத்தை மறுபடி தரையில் ஊன்றினாள்,
குழந்தையை மாரில் போடுவதுபோல்.
“வீடு நிக்கணுமில்லையா?”

நிற்கணும்தான்.
வேலாத்தாளை யாரும் கேட்கவில்லை.
அவள் உள்ளே உலை வைத்துக்கொண்டிருந்தாள்,
நின்றபடி, வெறுங்காலோடு.

எப்படி ஸ்கூட்டரைக் கிளப்பினேன் தெரியாது.
செக்போஸ்ட் போலீஸ்காரர் பெட்டியைப் பார்க்கவில்லை,
என் காலைப் பார்த்தார்.
“செருப்பு எங்கே?”
ஸ்கூட்டரின் மிதிபலகையில்
இரண்டு பாதங்களின் அச்சு, ஈரமாக.

அன்றைக்கு நாலாவதாக ஒரு குழாய் எடுத்தேன்,
பெயர் எழுதாமல், என் இடது கையிலிருந்து.

சாயங்காலம் நாச்சிமுத்து காகிதத்தை நீட்டினார்.
“அந்த வீட்ல நாலு பேரா?
கடைசி ஆளுக்கும் அஞ்சு புள்ளி எட்டுதான்.”

அம்மா புதுச் செருப்பு வாங்கித் தந்திருக்கிறாள்.
அளவு சரிதான், கடிக்கவில்லை.
ஆனாலும் சிமெண்டுத் தரை காலுக்குப் பிடிக்கவில்லை,
சில்லென்று, ஊமையாய்.

நாளைக்குச் செவ்வாய்.
பழைய செருப்பு அங்கேதான் இருக்கிறது.
எடுத்துவிட்டு வந்துவிடுவேன்.